ஆடிஜே ஆற்றோடு ஆறு நாள்

முதல் நாள்: ரெஷென் முதல் குளூர்ன்ஸ் வரை

ஆறு பிறக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவது என்று மியூனிக்கிலேயே பேசி வைத்திருந்தோம். லாண்டெக் வரை ரயில், அங்கிருந்து சைக்கிள் ஏற்றும் வேன். ஆஸ்திரிய எல்லையைத் தாண்டி இத்தாலிக்குள் நுழைந்ததும் ரெஷென் கணவாயில் இறக்கிவிட்டார்கள். 1,504 மீட்டர் உயரம். ஏப்ரல் கடைசி வாரம். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, நிழலுக்குள் போனால் பல் கிட்டுகிறது.

ஊரிலிருந்து சிறிது தூரம் மேலே நடந்தால் ஊற்று. 1930களில் எல்லைக் காவலுக்காகக் கட்டிய கான்கிரீட் பதுங்கறை ஒன்று பக்கத்திலேயே பாசி பிடித்துக் கிடக்கிறது. கற்களுக்கு நடுவே, சொம்பைச் சரித்தால் வருகிற அளவுக்குத் தண்ணீர். இதுதான் 410 கிலோமீட்டர் ஓடி ஏட்ரியாட்டிக் கடலில் சேர்கிறது. இத்தாலியில் போ நதிக்கு அடுத்த நீளமான ஆறு. இங்கே ஜெர்மன் பேசுகிறவர்களுக்கு இது எட்ச். இத்தாலியர்களுக்கு ஆடிஜே. என் வீட்டுக்காரருக்கு இரண்டாவது பெயர் பிடித்துப்போயிற்று. அவர் மேட்டூர்க்காரர். "ஆடின்னு தொடங்குற ஆறு கண்ணு, நம்ம ஆறுதான்" என்று இரண்டு கையாலும் அள்ளி முகம் கழுவிக்கொண்டார். நானும் கழுவினேன். விரல் மரத்துப்போனது.

சைக்கிளில் ஏறி நான்கைந்து கிலோமீட்டர் போயிருப்போம், ஏரிக்குள் கோபுரம் தெரிந்தது.

படங்களில் பார்த்திருக்கிறேன். நீலத் தண்ணீருக்கு நடுவே தேவாலயக் கோபுரம் மட்டும் தலைநீட்டி நிற்கும், பின்னால் பனிமலை. இன்று அப்படி இல்லை. மலைப்பனி உருகி வருவதற்கு முந்தைய பருவம் என்பதால் நீர்மட்டம் தாழ்ந்து, கரை முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. அந்தச் சேற்றில் பழைய வயல் வரப்பு போல ஏதோ கோடுகள். 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரம். அதைச் சுற்றி கிரௌன் என்று ஓர் ஊர் இருந்தது. மின்சாரத்துக்காக இங்கிருந்த இரண்டு இயற்கை ஏரிகளை ஒன்றாக்கி, நீர்மட்டத்தை 22 மீட்டர் உயர்த்தினார்கள். 1950-ல் 163 வீடுகளும் 523 ஹெக்டேர் நிலமும் தண்ணீருக்குள் போயின. வீடுகளையும் தேவாலயத்தையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள், கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அதற்கு முன்பே மணிகளைக் கழற்றிவிட்டார்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்து கிடக்கும்போது மணியோசை கேட்கும் என்று இங்கே ஒரு கதை உண்டு.

அவர் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய அப்பாயியின் அம்மா பிறந்த ஊர் மேட்டூர் அணைக்குள் போன ஊர்களில் ஒன்று. 1934-ல் கட்டி முடித்த அணை. கோடையில் நீர் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே வரும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தெரியும். கல்யாணமான புதிதில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். பரிசல்காரர் நந்தியின் பக்கத்தில் துடுப்பை ஊன்றி நிறுத்தினார், நந்தியின் திமிலில் காய்ந்த சேறு வெடித்திருந்தது.

"அப்பாயி அந்த நந்தியத்தான் கும்புடும். கோயில் உள்ள போயிருச்சு, அதனாலென்னன்னு சொல்லும்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

காவிரித் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். அணை வேண்டாம் என்று சொல்லும் வாய் எனக்கு இல்லை. ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரால் வயல் நனையவில்லை; கம்பி வழியாக எங்கோ விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். சேற்றில் தெரிந்த அந்த வரப்புக் கோடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஏரி முடிந்ததும் இறக்கம். மால்ஸ் மேட்டில் பாதை புல்வெளிக்குள் வளைந்து வளைந்து விழுகிறது. எதிரே 3,905 மீட்டர் ஓர்ட்லர் சிகரம் வெள்ளையாக எழுந்து நிற்கிறது. வலப்பக்க மலைச்சரிவில் மாரியன்பெர்க் மடாலயம், அதுவும் வெள்ளை. பார்த்துக்கொண்டே இறங்கலாம் என்றால் என் பின் பிரேக் பிடிக்கவில்லை. முன் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, காலைத் தரையில் உரசி, ஒரு வழியாக நின்றேன். கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. கிளம்பும் முன் நான் பார்த்திருக்க வேண்டும். மீதி இறக்கத்தில் செங்குத்தான இடங்களையெல்லாம் உருட்டிக்கொண்டே நடந்து குளூர்ன்ஸ் வந்து சேர்ந்தோம்.

இரண்டாம் நாள்: குளூர்ன்ஸ் முதல் லாட்ச் வரை

குளூர்ன்ஸ் ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஆனால் சுற்றி முழு மதில், மூன்று வாசல். 1499-ல் பக்கத்தில் நடந்த கால்வென் போரில் ஊர் அழிந்து, அதன் பிறகு எழுப்பிய மதில். ராத்திரி அந்த மதிலுக்குள் தூங்கியது கூடத்துக்குள் தூங்குவது போல இருந்தது. 

காலையில் ரொட்டிக்கடை. இந்தப் பள்ளத்தாக்கின் கம்பு ரொட்டி, இல்லை, கம்பு என்று எழுதியது தவறு, ரை என்ற தானியம். இரண்டு வட்டம் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். பெயரே பார்ல், அதாவது ஜோடி. பிய்த்து வாயில் போட்டதும் நான் நின்றுவிட்டேன். வெந்தய வாசனை. நம் வெந்தயத்துக்கு உறவான நீலப் பூ வெந்தயத்தை உலர்த்திப் பொடித்து மாவில் சேர்க்கிறார்கள், கூடவே சோம்பு. பல்லுக்குக் கொஞ்சம் கடினம், மெல்ல மெல்ல இனிக்கிறது. ஆளுக்கொரு வட்டமாகப் பிய்த்துக்கொண்டோம். இனி இந்தப் பயணம் முடியும்வரை எனக்குக் காலை உணவு இதுதான்.

சைக்கிள் கடைக்காரப் பெரியவர் பிரேக் கட்டை இரண்டையும் மாற்றி, கேட்காமலே செயினுக்கு எண்ணெயும் விட்டுக் கொடுத்தார். இங்கிருந்து ஆறு ஆறாகவே தெரிகிறது. சாம்பல் கலந்த பச்சை நிறம், நல்ல வேகம், பாதை அதன் கரையோடு.

இந்தப் பள்ளத்தாக்குக்கு ஜெர்மனில் வின்ஷ்காவ் என்று பெயர். ஆல்ப்ஸ் மலை என்றதும் பச்சையும் மழையும்தான் நினைவுக்கு வரும். இங்கே வடக்கே இருக்கிற சரிவைப் பாருங்கள், எங்கள் சிவகங்கைப் பக்கத்துக் கரட்டை எடுத்து நிறுத்தியது போல இருக்கிறது. காய்ந்த புல், முள், பாறை. வருஷத்துக்கு மழை 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான். சுற்றி இருக்கிற உயர்ந்த மலைகள் மேகத்தை வெளிப்பக்கமே பிழிந்துவிடுகின்றன. ஆனால் தரையில் கண்ணுக்கெட்டிய வரை ஆப்பிள் தோட்டம், எல்லாம் பூத்திருக்கின்றன. இவ்வளவுக்கும் எங்கிருந்து தண்ணீர்? அதை இங்கே யாரிடமாவது கேட்க வேண்டும்.

தோட்டம் என்றால் நாம் நினைக்கிற மரம் இல்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல், கம்பியில் கட்டி வரிசையாக நிறுத்திய செடிகள். சங்கிலி போல வரிசை, வரிசைக்கு வரிசை தெளிப்பான். இந்த மாகாணமான தென் டிரோலின் ஆப்பிள் ஐரோப்பா முழுக்கப் போகிறது. அதற்கு விலையும் உண்டு: மருந்து. மேலே நாங்கள் நேற்றுக் கடந்து வந்த மால்ஸில் 2014-ல் பூச்சிக்கொல்லியைத் தடை செய்யலாமா என்று பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பேர் தடை வேண்டும் என்றார்கள். பிறகு அது நீதிமன்றத்துக்குப் போய் நிற்கவில்லை. அப்பா பஞ்சுக்கு மருந்தடித்துவிட்டு வந்து திண்ணையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். அந்த ஊர்க்காரர்கள் பக்கம்தான் என் மனசு.

லாஸ் என்ற ஊரில் நடைபாதைக்கே சலவைக்கல் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் கல்லறைச் சிலுவைகளுக்கு இங்கிருந்துதான் கல் போனது. கல் இறக்கும் முற்றத்தில் ஓர் அறை அளவுப் பாளம் கிடந்தது. கை வைத்தால் வெயிலிலும் குளிர்கிறது.

மூன்றாம் நாள்: லாட்ச் முதல் மெரான் வரை

எழுதுவதற்குள் கை நடுங்குகிறது, இன்று பார்த்தது அப்படி.

விடியற்காலை நான்கு மணிக்கு மழைச் சத்தம் கேட்டு எழுந்தேன். ஜன்னலைத் திறந்தால் வானம் முழுக்க நட்சத்திரம். மழை இல்லை. தோட்டத்தில் தெளிப்பான்கள் எல்லாம் ஓடுகின்றன. விடுதி அம்மா கீழே விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார், அவர் கணவர் தோட்டத்தில் இருந்தார். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போய்விட்டது, பூ கருகிவிடும், அதனால் தண்ணீர் விடுகிறோம் என்றார்.

குளிரில் பூவுக்குத் தண்ணீர் விடுவதா? அவர் பொறுமையாகச் சொன்னார். தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது கொஞ்சம் வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம் பூவைச் சுழியத்துக்கு ஒட்டியே பிடித்து வைக்கும், அதற்குக் கீழே விடாது. ஒரே நிபந்தனை, நிறுத்தக் கூடாது. வெயில் வந்து கட்டி தானாக உருகும்வரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் நின்றால் எல்லாம் போயிற்று.

விடிந்ததும் இரண்டு பேரும் வேலி ஓரம் போய் நின்றோம். ஒரு பூவைக் கிட்டத்தில் பார்த்தேன். ஐந்து இதழ், ஓரத்தில் ரோஜா நிறம், நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள், ஒன்றுகூட கலையவில்லை. அத்தனையும் கண்ணாடிக்குள். காம்பிலிருந்து விரல் நீளத்துக்குப் பனி ஈட்டி. மேலும் மேலும் துளி விழுந்து அதன் நுனியில் உறைகிறது. கிழக்கே வெயில் மலைமுகட்டைத் தாண்டியதும் தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் எரிந்தது. பிறகு டிக் டிக்கென்று கட்டி உடைந்து விழும் சத்தம், ஆயிரம் இடத்திலிருந்து. அந்த அம்மாவின் கணவர் ரப்பர் பூட்ஸோடு வந்து, ஒரு பூவைப் பறித்து, கட்டியை உள்ளங்கையில் உருக்கி, நகத்தால் பிளந்து நடுவே காட்டினார். பச்சையாக இருந்தது. பிழைத்துவிட்டது. "குட்" என்று எங்களிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை.

நேற்றைய கேள்வியை அவரிடம்தான் கேட்டேன். பதிலாக மலைச்சரிவைக் கை காட்டி, நடந்து போய்ப் பாருங்கள் என்றார். சைக்கிளை விடுதியிலேயே விட்டுவிட்டு ஏறினோம்.

சரிவின் குறுக்கே, கிட்டத்தட்டச் சமமட்டத்தில், ஒரு முழம் ஒன்றரை முழ அகலத்தில் வாய்க்கால். இங்கே அதற்கு வால் என்று பெயர். மேலே பனியாற்றுத் தண்ணீர் வரும் ஓடைகளிலிருந்து திருப்பி, கிலோமீட்டர் கணக்கில் மலையிடுப்பில் நடத்திக் கொண்டுவருகிறார்கள். இடைக்காலத்திலிருந்தே இருக்கிற முறை. பாறை குறுக்கிட்டால் குடைந்த மரத்தொட்டியில் தொங்கவிட்டுத் தாண்டுவார்கள். ஊருக்கு ஊர் பங்கு, தோட்டத்துக்குத் தோட்டம் நேரம். பகல் முறை, இரவு முறை. இப்போது பாதிக்கு மேல் குழாய்க்குப் போய்விட்டது என்றாலும் சில வால்கள் இன்றும் ஓடுகின்றன. 

வாய்க்காலைக் காப்பதற்கென்று ஓர் ஆள். அவர் பெயர் வாலர். தினம் கரையோடு நடந்து சருகு அள்ளுவார், கசிவை அடைப்பார், மடை திறப்பார். எங்கள் ஊரில் நீர்ப்பாய்ச்சி. கண்மாய் மடையைத் திறக்கவும் அடைக்கவும், கடைசி வயல் காயாமல் பார்த்துக்கொள்ளவும் அவருக்குத்தான் உரிமை. எவ்வளவு பெரிய மிராசானாலும் தானாக மடையில் கை வைக்க முடியாது. அறுப்பில் அவருக்குக் கட்டுக் கணக்கில் நெல் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு கண்டமே கிடக்கிறது, வேலை ஒன்றுதான்.

ஒரு திருப்பத்தில் டொக்... டொக்... டொக் என்று சத்தம். வாய்க்காலுக்குள் சின்ன மரச்சக்கரம், தண்ணீர் அதைச் சுற்றுகிறது, சுற்றுக்கு ஒரு முறை ஒரு மரச்சுத்தி எழுந்து தகட்டு மணியில் விழுகிறது. மணி அடித்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. நின்றால் மேலே எங்கோ உடைப்பு, அல்லது அடைப்பு. வாலர் தூக்கத்தில்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் இருப்பாராம். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வார்.

"ஏங்க, இது நிக்குதான்னு பாருங்க" என்று ஒரு காய்ந்த குச்சியைக் கையில் எடுத்தேன், சக்கரத்தைத் தடுத்துப் பார்க்க. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் கண்ணு. கீழ யாராவது கேட்டுட்டு இருப்பாங்க."

அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மதியத்துக்கு மேல் கிளம்பி மெரான். பார்ட்ஷின்ஸ் என்ற ஊரைக் கடந்தோம். பீட்டர் மிட்டர்ஹோஃபர் என்ற தச்சர் 1864-லிருந்து மரத்தில் தட்டச்சுப் பொறி செய்து, அதைக் காட்ட வியன்னா வரை நடந்து போன ஊர். அதைத் தாண்டி டோல் என்னும் இடத்தில் பள்ளத்தாக்கின் தரையே படி இறங்குவது போல விழுகிறது. பாதை மடிந்து மடிந்து இறங்கியது. புதுப் பிரேக் கட்டை நன்றாகப் பிடித்தது. கீழே மெரானில் பனைமரம்!

நான்காம் நாள்: மெரான் முதல் போல்சானோ வரை

30 கிலோமீட்டர், கரைமேல் நேர்ப்பாதை, சொல்ல ஒன்றுமில்லை. பதினொரு மணிக்கெல்லாம் போல்சானோ.

அருங்காட்சியகத்தில் ஓட்ஸியைப் பார்க்க வரிசை. 1991 செப்டம்பரில் 3,200 மீட்டர் உயரத்தில் பனி உருகிய இடத்தில் கிடைத்த மனிதர், 5,300 ஆண்டுகளுக்கு முன் அம்பு பட்டு இறந்தவர். சின்ன ஜன்னல் வழியே ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். உள்ளே மைனஸ் 6 டிகிரி. தோல் உலர்ந்துவிடாமல் இருக்க அவ்வப்போது தண்ணீர் தெளிக்கிறார்கள். அது மேலே மெல்லிய பனிப் படலமாக உறைந்து நிற்கிறது. தேன் நிறத் தோல் அதற்குள் பளபளக்கிறது. நேற்றுக் காலைப் பூ ஞாபகம் வந்தது. குறுக்கே கிடந்த அந்தக் கையைப் பார்த்து, யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டேன். நெடுநேரம் நிற்க எனக்கு மனமில்லை.

சாயங்காலம் ஊருக்குத் தெற்கே ஐசாக் ஆறு வந்து ஆடிஜேயில் சேரும் இடத்தைப் பார்த்துவிட்டு, கீரை வைத்த அரைவட்டக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் புரட்டித் தின்றுவிட்டுத் தூக்கம்.

ஐந்தாம் நாள்: போல்சானோ முதல் ட்ரென்டோ வரை

இன்று 65 கிலோமீட்டர். ஆறரைக்கே கிளம்பச் சொன்னார் விடுதிக்காரர். காரணம் காற்று. கார்டா ஏரிப் பக்கமிருந்து மதியத்துக்கு மேல் ஓரா என்று ஒரு காற்று வடக்கே ஏறி வரும், தெற்கே போகிறவர்களுக்கு நெஞ்சுக்கு நேர். சொன்னது போலவே, கடைசி இருபது கிலோமீட்டரில் இறக்கத்திலும் பெடல் போட வேண்டியிருந்தது. முறை வைத்து ஒருவர் முன்னால் போனோம். அவர் முதுகின் நிழலில் ஒட்டிக்கொண்டு, அவர் கேரியரில் கட்டிய சிவப்புத் துண்டையே பார்த்துக்கொண்டு மிதித்தேன்.

சலோர்ன் என்னும் இடத்தில் இருபக்க மலையும் நெருங்கி வருகின்றன. அதுவரை ஜெர்மன் ஊர், அதைத் தாண்டினால் இத்தாலியன் ஊர். முதல் உலகப் போருக்கு முன் இந்த இரண்டு பக்கமும் ஆஸ்திரியாவுடையது. தோற்றபின் இரண்டும் இத்தாலிக்கு. ஆனால் மொழியின் எல்லை அந்த இடுக்கிலேயே நின்றுவிட்டது. காலையில் எங்களைப் பார்த்து "க்ரூஸ் காட்" என்றவர்கள் மதியம் "சால்வே" என்றார்கள். ஆற்றின் பெயர்ப்பலகையும் மாறியது.

ட்ரென்டோ 1545-லிருந்து 1563 வரை கத்தோலிக்கத் திருச்சங்கத்தின் பெரும் பேரவை விட்டுவிட்டு நடந்த ஊர். எனக்கு அங்கே பிடித்தது வேறு. பச்சை ஓட்டுக் கூரை போட்ட ஒரு கோபுரம் நடுத்தெருவில் நிற்கிறது. அது ஒரு காலத்தில் ஆற்றங்கரைக் கோபுரம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் பாதைக்காக ஆற்றையே மேற்கே வெட்டித் திருப்பிவிட்டார்கள். படித்துறை இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. தெரு மட்டும் இன்னும் ஆற்றின் வளைவிலேயே வளைந்து போகிறது.

ஆறாம் நாள்: ரோவரேத்தோ

கடைசி மிதி. 25 கிலோமீட்டர்தான், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே. சாயங்காலம் ஊருக்கு மேலே மிராவாலே குன்றுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினோம்.

முதல் உலகப் போரில் போர்முனை இந்த ஊரை ஒட்டியே ஓடியது. போர் முடிந்ததும் அந்தோனியோ ரொஸ்ஸாரோ என்ற பாதிரியார், சண்டையிட்ட நாடுகளிடமே பீரங்கிகளைக் கேட்டு வாங்கி, அந்த வெண்கலத்தை உருக்கி 1924-ல் மணி வார்க்க வைத்தார். பிறகு அது பழுதாகி, இப்போது தொங்குவது 1964-ல் மறுபடி வார்த்தது. 22 டன்னுக்கு மேல் எடை. தினமும் இரவு நூறு அடி. எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காமல், போரில் இறந்த எல்லோருக்குமாக.

முதல் அடி காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. பக்கத்தில் ஓர் ஐம்பது பேர் இருந்திருப்போம், யாரும் பேசவில்லை. அவர் ஹேண்டில்பாரில் கை வைத்திருந்தார். என் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் இரும்பு அதிர்ந்தது. கீழே பள்ளத்தாக்கில் ஊர் விளக்குகள், அவற்றுக்கு நடுவே ஆறு இருக்கும் இடம் மட்டும் இருட்டு. 

நூறு முடிந்ததும் அவர் சொன்னார்: "கிரௌன்ல கழட்டின மணி இப்போ எங்க இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை, ரயிலில்

இதை ப்ரென்னர் போகும் ரயிலில் எழுதுகிறேன். சைக்கிள் இரண்டும் பெட்டிக் கோடியில் கொக்கியில் தொங்குகின்றன. ஐந்தாறு நாள் மிதித்து வந்த தூரத்தை ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி திருப்பிக் கொடுத்துவிட்டது. வலப்பக்கம், இடப்பக்கம் என்று மாறி மாறி ஆறு கூடவே வந்தது. போல்சானோவுக்குச் சற்று முன் அது இடது கைப்பக்கம் விலகி, மெரானை நோக்கி, ஆப்பிள் தோட்டங்களுக்குள் போய் மறைந்தது. இனி எங்களோடு வருவது ஐசாக். வெளியே நல்ல வெயில், நேற்றிரவு குளிர் இல்லை. லாட்ச்சில் அந்த மனிதர் தூங்கியிருப்பார். குளூர்ன்ஸ் ரொட்டியில் கடைசி வட்டம் பையில் இருக்கிறது, அதைப் பாதியாகப் பிய்த்துக்கொண்டிருக்கிறார் அவர்.